பயனற்ற நிலம் என்றார்கள்!

(படிப்பகக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

தோழர்களே!

இன்று நான் ஒரு பறவையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விலைவாசி ஏறிக் கிடக்கிறது, படித்த பிள்ளைகளுக்கு வேலையில்லை, இவற்றையெல்லாம் விட்டுவிட்டுப் பறவையைப் பற்றியா பேச்சு என்று உங்களிற் சிலர் எண்ணுவது எனக்குத் தெரிகிறது. சற்றே பொறுத்தருளுங்கள். பறவையிலே தொடங்குகிறேன். நிலம் யாருடையது, அதை விற்றவர் யார், வாங்கியவர் யார், மீட்டவர் யார் என்ற கேள்விகளிலே கொண்டுபோய் முடிக்கிறேன். அந்தக் கேள்விகள் நம்முடைய கேள்விகள் அல்லவா?

அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையிலே, கலிபோர்னியா மாநிலத்திலே, சான் பிரான்சிஸ்கோ வளைகுடா என்றொரு பெரிய நீர்ப்பரப்பு இருக்கிறது. உள்நாட்டிலிருந்து சாக்ரமெண்டோ, சான் வாக்கீன் என்னும் இரண்டு பேராறுகளின் நீர் அதில் வந்து சேருகிறது. எதிர்ப்புறத்திலிருந்து, 'பொற்கதவம்' என்று பொருள்படும் பெயருடைய குறுகிய வாயில் வழியாகப் பசிபிக் பெருங்கடலின் ஓதம் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் அந்த விளிம்பிலே, நம் கழிமுகங்களில் வளர்கிறதே உமரிச் செடி, அதன் இனத்துச் செடியும், கோரை போன்ற உப்புப் புல்லும் அடர்ந்து வளர்ந்த சதுப்பு நிலம் பல காத தூரம் பரந்து கிடந்தது.

அந்தச் சதுப்பிலே ஒரு கானாங்கோழி வாழ்கிறது. ரிட்ஜ்வே கானாங்கோழி என்பது அதன் இன்றைய பெயர். நம் ஊர் ஏரிக்கரைப் புதரிலிருந்து புதருக்கு ஓடுகிற கானாங்கோழிக்கு அது தூரத்து உறவு. கோழி அளவு உடல், சற்றே வளைந்த நீண்ட அலகு, செம்பழுப்பு மார்பு. பறப்பதைக் காட்டிலும் ஓடுவதையே விரும்பும். வற்றத்தின் போது ஓடைக்கரைச் சேற்றில் நண்டும் சிப்பியும் தேடித் தின்னும். ஏற்றத்தின் போது உயர்ந்த செடிகளுக்கிடையே ஒளிந்து கொள்ளும். சதுப்பு இருந்தால் அது இருக்கும். சதுப்பு போனால் அதற்குப் போக்கிடம் இல்லை. குடிபெயர்ந்து பிழைக்கத் தெரியாத உயிர் அது.

இந்தப் பறவையின் கதை எங்கே திசை மாறிற்று? 1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. மறு ஆண்டு உலகின் மூலை முடுக்குகளிலிருந்தெல்லாம் பொன்னாசை கொண்டவர் வந்து குவிந்தனர். மலைகளின் மீது பீறிடும் நீரைப் பாய்ச்சி மண்ணைக் கரைத்துப் பொன் தேடினர். கரைந்த மண் ஆறுகளில் இறங்கிற்று. ஆற்றோடு வளைகுடாவுக்கும் வந்தது. பொன்னைப் பிரிக்கப் பயன்பட்ட பாதரசமும் உடன் வந்தது. 1884இல் நீதிமன்றம் தலையிட்டு, சுரங்க மண்ணை ஆற்றில் தள்ளுவதைத் தடுத்தது. பொன் போன இடம் தெரியவில்லை. பாதரசம் மட்டும் வளைகுடாவின் சேற்றில் இன்றும் இருக்கிறது.

ஆனால், தோழர்களே, மண்ணையும் பாதரசத்தையும்விடக் கொடிய ஒன்று அந்தச் சதுப்பின் மீது வந்து விழுந்தது. அது ஒரு சொல். 'பயனற்ற நிலம்' என்ற சொல்!

1850ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரசு ஒரு சட்டம் இயற்றிற்று. சதுப்பும் வெள்ளமும் மூடிய நிலங்களை மாநிலங்களுக்கு வழங்குவது, அவற்றை விற்று, கரையெழுப்பி, நீர் வடித்து, 'பயனுள்ள' நிலமாக்குவது என்பது அதன் நோக்கம். யாருக்குப் பயனற்றது என்று எவரும் கேட்கவில்லை. அந்தக் கரையிலே தலைமுறை தலைமுறையாகச் சிப்பியும் மீனும் உப்பும் எடுத்து வாழ்ந்திருந்த ஓலோனி என்னும் பழங்குடி மக்களைக் கேட்கவில்லை. ஓடைகளில் வளர்ந்த மீன்குஞ்சுகளைக் கேட்கவா போகிறார்கள்? கலிபோர்னியாவில் சதுப்பு நிலமும், ஓதம் ஏறி இறங்கும் கரை நிலமும், அற்ப விலைக்குத் தனியார் கைக்குப் போயின. கடல் நாள்தோறும் இருமுறை வந்து தொட்டுச் செல்லும் நிலத்துக்குப் பத்திரம் எழுதப்பட்டது!

பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டுமா? கரை போட்டார்கள், வயலாக்கினார்கள். கரை போட்டார்கள், உப்பளம் ஆக்கினார்கள். குப்பையைக் கொட்டினார்கள். விமான நிலையம் அமைத்தார்கள். ஏறத்தாழ 1,90,000 ஏக்கராக இருந்த ஓதச் சதுப்பு, ஏறத்தாழ 40,000 ஏக்கராகச் சுருங்கிற்று. ஐந்து பங்கில் நான்கு பங்கு அழிந்தது. கானாங்கோழியையோ, வீடு அழித்தது போதாதென்று, உணவு விடுதிகளுக்காக வேட்டையாடியும் தீர்த்தனர். 1918ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வேட்டையை நிறுத்திற்று. துப்பாக்கி நின்றது, மண்வெட்டி நிற்கவில்லை. 1970இல் அரசின் அழிவுப் பட்டியலில் அதன் பெயர் ஏறிற்று.

இனி, இந்தக் கதையிலே மக்கள் வருகிறார்கள்.

1959இல் அமெரிக்க இராணுவப் பொறியாளர் பிரிவு ஓர் ஆய்வு வெளியிட்டது. வளைகுடாவில் ஆழம் குறைந்த பகுதிகளையெல்லாம் நிரப்பிக்கொண்டே போனால் 2020ஆம் ஆண்டுக்குள் வளைகுடா ஓர் ஆறுபோல மெலிந்துவிடும் என்று காட்டும் படம் நாளேட்டில் வந்தது. அதே காலத்தில் பெர்க்லி நகராட்சி, 2,000 ஏக்கர் வளைகுடாவை நிரப்பி நகரத்தை ஏறத்தாழ இருமடங்காக்கத் திட்டமிட்டிருந்தது.

அந்தப் படத்தைக் கண்டு மூன்று பெண்மணிகள் மனம் பதைத்தனர். கே கெர், சில்வியா மெக்லாலின், எஸ்தர் குலிக் என்பவர்கள். மூவரும் நடுவயது இல்லத்தரசியர். வசதியான குடும்பத்தினர், பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவர்கள். ஒருவருடைய கணவர் பல்கலைக்கழகத்தின் தலைவர். இன்னொருவருடைய கணவர் சுரங்க நிறுவனமொன்றின் தலைவர். நான் மறைக்க விரும்பவில்லை: அவர்கள் பாட்டாளி வர்க்கத்திலிருந்து வந்தவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் கைக்கொண்ட முறை இருக்கிறதே, அது ஒவ்வோர் இயக்கத் தோழனும் படித்துக்கொள்ள வேண்டிய முறை.

1961இல் அவர்கள் இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்களின் தலைவர்களை வீட்டுக்கு அழைத்தனர். தேநீர் கொடுத்தனர். வளைகுடா அழிவதைக் காட்டினர். வந்தவர்கள் கேட்டனர், வருந்தினர். 'மிக முக்கியமான செய்தி. யாராவது இதைச் செய்யத்தான் வேண்டும்' என்றனர். ஆனால் ஒரு சங்கத்துக்குக் காட்டு மரங்களைக் காக்கும் வேலை, இன்னொன்றுக்குப் பறவைகளைக் காக்கும் வேலை. எவருக்கும் நேரம் இல்லை. 'நீங்களே ஒரு சங்கம் தொடங்குங்கள்' என்று வாழ்த்திவிட்டு, தங்கள் உறுப்பினர் முகவரிப் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டனர்.

நம் தோழர்களாயிருந்தால் என்ன செய்திருப்போம்? கசந்து போயிருப்போம். ஒரு கண்டனத் தீர்மானம் போட்டிருப்போம். அந்த மூவரோ, முகவரிப் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து கடிதம் எழுதினர். 'சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைக் காப்போம்' என்னும் சங்கம் பிறந்தது. உறுப்பினர் கட்டணம் ஒரே ஒரு டாலர். ஏன் ஒரு டாலர்? பணம் சேர்ப்பதைவிட ஆள் சேர்ப்பது முதன்மை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். செல்வர் ஒருவர் தரும் ஆயிரம் டாலர், சட்டமன்ற உறுப்பினர் கண்ணுக்கு ஓர் ஆள். ஆயிரம் பேர் தரும் ஆயிரம் டாலர், ஆயிரம் வாக்கு!

பெர்க்லி நகராட்சிக் கூட்டங்களிலே மக்கள் வந்து நிறைந்தனர். நிரப்பும் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு நகரை வென்றால் போதுமா? வளைகுடாவைச் சுற்றி எத்தனையோ நகராட்சிகள். ஒவ்வொன்றும் தன் பங்கை நிரப்ப நினைத்தது. ஆகவே அவர்கள் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போயினர். வானொலியிலே அறிவிப்பாளர் ஒருவர், 'உறுப்பினர்களுக்கு எழுதுங்கள்' என்றார். கடிதங்கள் மூட்டை மூட்டையாகப் போயின. சிறு மணற்பைகளைக் கட்டி உறுப்பினர்களுக்கு அனுப்பியவர்களும் உண்டு. 1965இல் மெக்கடீர், பெட்ரிஸ் என்னும் இரு உறுப்பினர்களின் பெயரால் வழங்கும் சட்டம் நிறைவேறிற்று. வளைகுடாவில் ஒரு கூடை மண் கொட்டுவதானாலும் பொது ஆணையத்தின் இசைவு வேண்டும் என்றாயிற்று. முதலில் தற்காலிகமாக அமைந்த அந்த ஆணையம், 1969இல் நிலையானதாயிற்று. அதற்கு ஒப்பமிட்டவர் ஆளுநர் ரீகன். ஆம், அதே ரொனால்டு ரீகன்தான்! மக்கள் அழுத்தம் போதிய அளவு இருந்தால், எந்தக் கையும் ஒப்பமிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்த இடத்தில், நேர்மையான தோழர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்கக்கூடும். கேட்கவும் வேண்டும். 'ஐயா, குந்தக் குடிசை இல்லாதவன் கோடிக்கணக்கில் இருக்கும் உலகத்திலே, கோழிக்கு நிலம் ஒதுக்குவது நியாயமா?'

நான் திருப்பிக் கேட்கிறேன்: நிரப்பப்பட்ட நிலம் குடிசையில்லாதவனுக்கா போயிற்று? சான் மாட்டியோ கரையில் ஒரு பெருந்திட்டம் இருந்தது. சான் புரூனோ மலையின் உச்சியைச் சீவி, அந்த மண்ணை வளைகுடாவில் கொட்டிப் புதுநிலம் ஆக்குவது திட்டம். அதிலே பங்கு கொண்டவர்களுள் டேவிட் ராக்ஃபெல்லர் ஒருவர். மலையைச் சீவிக் கடலை நிரப்புவது ஏழைக்கு வீடு கட்டவா? கடலோர மனைக்குக் கிடைக்கும் விலைக்காக! மக்கள் எதிர்ப்பில் அத்திட்டம் விழுந்தது.

ஏழைக்குக் கிடைத்தது என்ன என்பதை அறிய வேண்டுமானால், வளைகுடாவின் தென்கோடியிலே உள்ள ஆல்விசோ என்னும் சிற்றூருக்கு வாருங்கள். மெக்சிகோ வழிவந்த உழைப்பாளிகள் பலர் வாழும் ஊர். சுற்றிலும் சதுப்பு போய் உப்பளக் கரைகள் வந்தன. பள்ளத்தாக்கு முழுவதும் நிலத்தடி நீரை வரைமுறையின்றி உறிஞ்சியதால் பூமியே தாழ்ந்து, ஊர் கடல் மட்டத்துக்கும் கீழே போயிற்று. 1983இல் வெள்ளம் வந்தது; ஊர் நீரில் கிடந்தது. சதுப்பு இருந்தால் அலையின் வேகத்தைத் தன் புல்லிலே வாங்கித் தணிக்கும். பெருகி வரும் நீருக்குப் பரந்து நிற்க இடம் கொடுக்கும். அது போன பின்னர், நீர் ஏழையின் வாசலுக்கு வருகிறது. கானாங்கோழியின் வீடு இடிந்த இடத்திலே, அடுத்து இடிவது ஏழையின் வீடு. இருவரும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள். இதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

நிரப்புவதைத் தடுத்தாகிவிட்டது. இழந்ததை மீட்பது எப்படி? 1972இல், வளைகுடாக் கரையில் வனவிலங்குப் புகலிடம் அமைக்கும் சட்டத்தை அமெரிக்கக் காங்கிரசு நிறைவேற்றிற்று. அதற்கும் பின்னால் நின்றது கரையோர மக்கள் குழு ஒன்றின் உழைப்பு. பின்னர் 2003இல், மாநில அரசும் நடுவண் அரசும் அறநிறுவனங்களும் சேர்ந்து, கார்கில் நிறுவனத்திடமிருந்து 16,500 ஏக்கர் உப்பளங்களைப் பத்துக் கோடி டாலருக்கு வாங்கின. இதிலே ஒரு கசப்பு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அற்ப விலைக்குத் தனியார் கைக்குப் போன கரையை, இருபத்தோராம் நூற்றாண்டிலே மக்கள் தம் வரிப்பணத்தைக் கோடிக்கணக்கில் கொட்டித் திரும்ப வாங்கினர். விற்பதற்கு ஒரு கையொப்பம் போதும். மீட்பதற்கு மூன்று தலைமுறை வேண்டும்.

2006 மார்ச்சுத் திங்களில், மூன்று உப்புப் பாத்திகளின் கரைகளை இயந்திரங்கள் உடைத்தன. ஓதம் உள்ளே புகுந்தது. அதன் பிறகு மனிதன் செய்ய வேண்டியது குறைவு. காத்திருக்க வேண்டியதே மிகுதி. ஒவ்வோர் ஏற்றமும் சிறிது சேற்றைக் கொண்டு வருகிறது. அது அங்கே படிகிறது. படிந்து படிந்து நிலம் உரிய உயரத்துக்கு வந்ததும், நீரோடு மிதந்து வந்த உமரி விதை அங்கே முளைக்கிறது. நீர் தன் பழைய ஓடைகளைத் தானே வெட்டிக் கொள்கிறது. ஆழ்ந்து போன பாத்திகளுக்கு மட்டும் வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவர வேண்டியிருக்கிறது. இந்தத் திட்டம் ஐம்பது ஆண்டுத் திட்டம் என்று தொடக்கத்திலேயே கூறிவிட்டனர். தொடங்கியவர்களில் பலர் முடிவைக் காணமாட்டார்கள் என்று அறிந்தே தொடங்கினர்.

எல்லாம் இனிமையாகவே நடந்தது என்று நான் சொல்லவில்லை. வெற்றியை மட்டும் சொல்லித் தொல்லையை மறைப்பது தொண்டனை ஏமாற்றுவதாகும். முதல் தொல்லை: உப்பளங்களிலும் பறவைகள் வாழப் பழகிவிட்டன. வெண்ணிற உப்புக்கொத்தி என்னும் சிறு பறவை, வறண்ட உப்புத் தரையிலே முட்டையிடும். 1993இல் அதுவும் பாதுகாப்புப் பட்டியலில் ஏறிய பறவை. எல்லாப் பாத்தியையும் சதுப்பாக்கினால் கானாங்கோழி வாழும், உப்புக்கொத்தி வாடும். ஆகவே ஒரு பகுதியைக் கரையும் மதகுமாகவே வைத்துப் பராமரிக்கின்றனர்.

இரண்டாவது தொல்லை இதனினும் கடினம். 1970களில், கரையைக் காப்பதற்கென்று நல்லெண்ணத்தோடு அட்லாண்டிக் கரையிலிருந்து ஓர் உப்புப் புல்லைக் கொண்டுவந்து நட்டனர். அது உள்ளூர்ப் புல்லோடு கலந்து, முரட்டுக் கலப்பினமாகப் பெருகிச் சேற்றுப்படுகைகளை மூடத் தொடங்கிற்று. அதை அழிக்கப் புறப்பட்டனர். பார்த்தால், அந்த உயர்ந்த புல்லுக்குள்ளேதான் கானாங்கோழி ஒளிந்து வாழ்கிறது! புல்லை அழித்த இடங்களில் பறவையின் எண்ணிக்கை சரிந்தது. சில இடங்களில் வேலையை நிறுத்தி, உள்ளூர்ப் புல்லையும் புதரையும் நட்டு, பறவை ஒதுங்க மேடு அமைத்து, அதன் பிறகே தொடர வேண்டியதாயிற்று. கெட்டதை அகற்றுமுன், அதன் நிழலில் ஒதுங்கியிருக்கும் எளியவனுக்கு மாற்று நிழல் தேடிக் கொடு! இந்தப் பாடம் சதுப்பு நிலத்துக்கு மட்டுமா பொருந்தும்?

இத்தனைக்கும் பிறகு கானாங்கோழி பிழைத்ததா? மீட்கப்பட்ட சதுப்புகள் சிலவற்றில் அதன் குரல் கேட்கிறது. ஆனால் வளைகுடா முழுவதிலும் எண்ணினால், ஆயிரத்தை ஒட்டிய கணக்கே வருகிறது. கடல் மட்டமும் உயர்ந்து வருகிறது. சேறு படியும் வேகம் வெல்லுமா, கடல் ஏறும் வேகம் வெல்லுமா என்பதே இன்றைய போட்டி. கரையை உடைக்கும் பணியில் ஓராண்டு தாமதம் என்பது அந்தப் போட்டியில் ஓராண்டு தோல்வி.

அதை அந்த மக்கள் உணர்ந்தார்கள் என்பதற்குச் சான்று, 2016 சூன் திங்கள் நடந்த வாக்கெடுப்பு. வளைகுடாவைச் சுற்றியுள்ள ஒன்பது மாவட்டங்களிலும் ஒரே கேள்வி வைக்கப்பட்டது: சதுப்பு நிலங்களை மீட்க, ஒவ்வொரு மனைக்கும் ஆண்டுக்குப் பன்னிரண்டு டாலர் வரி, இருபதாண்டுக் காலம் கட்டச் சம்மதமா? மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும். ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பேர் 'சம்மதம்' என்றனர்! வரி என்ற சொல்லைக் கேட்டாலே சினக்கும் நாட்டிலே, தம் மீது தாமே வரி விதித்துக் கொண்டனர். 1961இல் ஒரு டாலர் கேட்டு எழுதிய கடிதம், ஐம்பத்தைந்து ஆண்டுகள் நடந்து, ஐம்பது கோடி டாலராக வந்து நின்றது. பறவைக்கு வாக்கு இல்லை. பறவைக்காக வாக்களித்தவர்கள் இருந்தார்கள்.

அந்த 'பயனற்ற நிலம்' என்ற சொல் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று, தோழர்களே. நம் வருவாய்க் கணக்கேடுகளிலே கழுவெளிகளும் சதுப்புகளும் 'புறம்போக்கு' என்றும் 'தரிசு' என்றும் எழுதப்பட்டன. வரி கட்டாத நிலம், வீண் நிலம்! சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணை அப்படித்தான் வீணாகக் கருதப்பட்டது. 1980களில் ஒரு பக்கத்திலே குப்பை கொட்டத் தொடங்கினர். மறு பக்கங்களிலே கட்டடமும் சாலையும் எழுந்தன. 2007இல் 317 எக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சார் நிலமாயிற்று. இடையிலே 2015 டிசம்பரில் வெள்ளம் வந்து, சதுப்பின் பயன் என்ன என்பதைத் தென்சென்னைக்கு வீடு வீடாக வந்து சொல்லிற்று. பெயர் மாறியது நன்று. ஆனால் காகிதத்தில் மாறிய பெயர் களத்தில் காப்பாற்றப்படுகிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். வளைகுடாவில் அந்த ஆள், ஒரு டாலர் கட்டிய சாதாரணக் குடிமகனாக இருந்தான்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெரிதன்று. உங்கள் வட்டத்திலே ஒரு கழிமுகமோ, கழுவெளியோ, ஏரியின் நீர்ப்பிடிப்போ இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் நில்லுங்கள். கிராமக் கணக்கிலே அதற்கு என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். அங்கே மீன் பிடிப்பவனிடமும், ஆடு மேய்ப்பவனிடமும், நண்டு பொறுக்கும் பெண்ணிடமும் அது பயனற்ற நிலமா என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் நான் பேச வேண்டாம். அதை நீங்கள் படியுங்கள்.

'பயனற்ற நிலம்' என்று எவனாவது சொன்னால், உடனே கேளுங்கள்: யாருக்கு?

அந்த ஒரு கேள்வியை 1850இல் கேட்க ஆள் இல்லை. 1961இல் மூவர் கேட்டனர். இன்று நாம் எத்தனை பேர்?